அங்கே மதியம்... இங்கே நடுநிசி!

"டாக்டரய்யா, ராத்திரியில தூக்கமே வர மாட்டேங்குது. நல்லதா ஒரு சூரணம் கொடுங்க."

2025 ஆகஸ்ட் மாதம் பெரம்பலூரில் உள்ள என் வைத்தியசாலைக்கு வந்த அந்த அம்மாவுக்கு வயது 58. பக்கத்துக் கிராமம். கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கொஞ்சம் நிலம் இருக்கிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அதற்கு ஆங்கில மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். அதை நிறுத்தச் சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. தலைக்கனம், கண் எரிச்சல், செரியாமை, தூக்கமின்மை... இவைதான் என்னிடம் சொன்ன தொந்தரவுகள்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். மலம், நீர், பசி எல்லாம் விசாரித்தேன். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிடும்படி மருந்து கொடுத்து அனுப்பினேன். செப்டம்பரில் வந்தார், "பரவாயில்லீங்க, ஆனா தூக்கம் மட்டும் வரலை" என்றார். மருந்தை மாற்றினேன். அக்டோபரில் வந்தார், அதே பல்லவி! மறுபடி மாற்றினேன்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் மூன்று மாதமாக நான் கேட்கவில்லை. "ஏம்மா, நீங்க எத்தனை மணிக்குப் படுக்கறீங்க? எத்தனை மணிக்கு எழுந்திருக்கறீங்க?"

கேட்டிருந்தால் நவம்பர் மாதத்தில் நடந்தது நடந்திருக்காது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அந்தக் குற்ற உணர்வுதான். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

அம்மாவின் மகன் அமெரிக்காவில் பென்டன்வில் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். அர்க்கன்சா மாநிலத்தில் உள்ள சிறிய ஊர் அது. வால்மார்ட் கம்பெனியின் தலைமையகம் அங்கேதான். மனைவியும் ஐந்து வயதுப் பையனும் கூட இருக்கிறார்கள். மகள் சீனாவில் வூஹான் நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். ஆமாம், 2020-ல் கொரோனாவால் உலகமே பெயர் தெரிந்துகொண்ட அதே வூஹான்தான்.

மகனுக்கு மதியம் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. அப்போதுதான் அம்மாவுக்குப் போன் போடுவார். அந்த நேரம் நம் ஊரில் இரவு 11 மணி! பேசி முடித்துப் படுக்கப் பதினொன்றரை, பன்னிரண்டு. மகளோ வூஹானில் காலை ஆறரைக்கு எழுந்து வகுப்புக்குக் கிளம்ப வேண்டும். "நான் எழுப்பினாத்தான் பாப்பா எழுந்திருப்பா" என்று சின்ன வயதிலிருந்து பழகிய அம்மா, விடுதியில் இருக்கும் மகளையும் போன் போட்டுத்தான் எழுப்புகிறார். வூஹானில் காலை ஆறரை என்றால் நமக்கு விடியற்காலை நான்கு மணி. அம்மா மூன்றே முக்காலுக்கே எழுந்து உட்கார்ந்து விடுவார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படுக்கையில் இருப்பதே நாலு மணி நேரம். இதில் என் சூரணம் என்ன செய்யும்?

பிறகு ஒருநாள், "இதை ஏம்மா எங்கிட்ட முதல்லயே சொல்லலை?" என்று கேட்டேன். "புள்ளைங்ககிட்ட போன் பேசறதை எல்லாமா நோய்க் கணக்குல சேர்ப்பாங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

அந்த ஒரு மணி நேரம்

2025 நவம்பர் 3, திங்கட்கிழமை. இரவு 11 மணி ஆயிற்று; மகனிடமிருந்து போன் வரவில்லை. பதினொன்றேகால்... பதினொன்றரை... அம்மாவே கூப்பிட்டார், மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். விபத்தோ, என்னவோ என்று மனசு என்னென்னவோ நினைத்தது. கணவரை எழுப்பினார். இருவரும் பூஜை அறை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. மகன் ஒன்றும் தாமதம் செய்யவில்லை. தன்னுடைய பன்னிரண்டரை மணி இடைவேளையில்தான் வழக்கம் போலக் கூப்பிட்டிருக்கிறார். அதற்கு முன்பு அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. அப்படியானால் ஒரு மணி நேரம் எங்கே போயிற்று?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் பின்னால் திருப்பி வைப்பார்கள். 2007-லிருந்து இந்தத் தேதிகள்தான் நடைமுறையில் உள்ளன. 2025-ல் அந்த நவம்பர் ஞாயிறு 2-ஆம் தேதி. அதுவரை பத்தரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் ஒரே நாளில் பதினொன்றரை மணி நேரமாகி விட்டது. மகன் சொல்ல மறந்து விட்டார். அவ்வளவுதான் விஷயம்!

ஆனால் அம்மாவின் உடம்புக்கு அது 'அவ்வளவுதான்' ஆக இல்லை. பதற்றம் அடங்கித் தூங்கும்போது இரண்டு மணி. வழக்கம் போல மூன்றே முக்காலுக்கு எழுந்து மகளை எழுப்பினார். காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "இட்லி வேகறதுக்குள்ள கொஞ்சம் சாய்ஞ்சுக்கலாம்" என்று படுத்தவர், அப்படியே தூங்கிப் போனார். ஒன்பதரைக்கு வயலிலிருந்து வந்த கணவர் பார்த்தபோது உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் சம்பந்தமில்லாத பதில். நல்லவேளை, அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சர்க்கரை மிகவும் தாழ்ந்து போயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் யாரும் பார்க்காமல் விட்டிருந்தால்... நினைக்கவே பயமாக இருக்கிறது.

இப்படி ஆகும்போது ஒரு எச்சரிக்கை: நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீரோ சர்க்கரையோ ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலில் போய்விடும். உடனே 108-க்குத்தான் போன் செய்ய வேண்டும்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும்கூட!

சரி, இந்த நேர வித்தியாசம் என்பது என்ன? பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் நேர வித்தியாசம் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? உண்டு!

பூமி தன்னைத் தானே ஒரு சுற்று சுற்ற 24 மணி நேரம். அதாவது 360 பாகை. ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். அரியலூர் பெரம்பலூருக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. ஏறக்குறைய கால் பாகைக்கும் சற்றுக் குறைவு. ஆகவே சூரியன் அரியலூர் உச்சிக்கு வந்து முக்கால் நிமிடம் கழித்துத்தான் பெரம்பலூர் உச்சிக்கு வருவான். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் நான் அரியலூரில் வைத்தியம் பார்க்கிறேன். பஸ்ஸில் போய் வரும்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் முக்கால் நிமிடத்தைத் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்! ஆனால் உடம்புக்குத் தெரிவதில்லை.

நம் கையில் உள்ள கடிகாரம் அரியலூர் சூரியனையும் பார்ப்பதில்லை, பெரம்பலூர் சூரியனையும் பார்ப்பதில்லை. இந்திய நேரம் என்பது அலகாபாத் பக்கம் செல்லும் எண்பத்திரண்டரை பாகைக் கோட்டை வைத்துக் கணக்கிட்டது. 1906-லிருந்து இந்த ஏற்பாடு. அதற்கு முன்பு சென்னை வானாய்வுக்கூடத்தைக் கொண்டு கணக்கிட்ட 'மெட்ராஸ் நேரம்' என்று ஒன்று இருந்தது. ரயில்கள் அந்த நேரத்தில் ஓடின. இன்றைய இந்திய நேரம் அதைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முன்னால் இருக்கிறது. பெரம்பலூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12 மணி 14 நிமிடத்துக்கு!

சீனாவில் இது இன்னும் வேடிக்கை. அத்தனை பெரிய நாட்டில் 1949-க்கு முன்பு ஐந்து நேரங்கள் இருந்தன. இப்போது நாடு முழுக்க ஒரே நேரம், பெய்ஜிங் நேரம். மேற்குக் கோடியில் உரும்சி என்ற நகரத்தில் கடிகாரத்தில் மதியம் இரண்டு மணி ஆனால்தான் சூரியன் தலைக்கு மேலே வருகிறான். அங்குள்ள மக்களில் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரம் ஒன்றையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். ஆட்சியாளர்கள் கடிகாரத்தை மாற்றலாம். பசியையும் தூக்கத்தையும் ஆணை போட்டு மாற்ற முடியவில்லை பாருங்கள்.

சீன நேரமும் சிங்கப்பூர் நேரமும் ஒன்றுதான். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நம் பழைய கணக்கில் ஆறேகால் நாழிகை. இதே இரண்டரை மணி நேரம் நமக்குப் பின்னால் இருப்பவை சவூதி, குவைத், கத்தார். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளின் வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று தலைமுறையாகப் போன் பேசுகிறார்கள்; தூக்கம் அவ்வளவாகக் கெட்டதில்லை. ஏனென்றால் நாம் விழித்திருக்கும்போது அவர்களும் விழித்திருக்கிறார்கள். அமெரிக்கா அப்படி அல்ல. பென்டன்வில் கிட்டத்தட்ட நமக்கு நேர் எதிரே, உருண்டையின் மறுபக்கம். நமக்கு உச்சிவெயில் என்றால் அங்கே நடுநிசி. அந்த அம்மாவின் மகனுக்கும் மகளுக்கும் இடையே கோடையில் 13 மணி நேரம், குளிர்காலத்தில் 14 மணி நேரம். நடுவில் அம்மா!

நம் அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் தூதர்கள் 1033-ல் சீன அரசவைக்குப் போனதைச் சீனத்து வரலாற்றுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. கப்பலில் மாதக்கணக்காகப் போனவர்களுக்கு நேர வித்தியாசம் ஒரு பொருட்டாகவே தெரிந்திருக்காது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு பழகியிருக்கும். இன்று விமானத்தில் போகிறவருக்குத்தான் உடம்பு தடுமாறுகிறது. அந்த அம்மாவோ விமானத்தில் ஏறியதே இல்லை. கிராமத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே தினமும் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்துகொண்டிருந்தார்!

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது முதலில் சொல்லிக் கொடுத்த பாடங்களில் ஒன்று சிறுபொழுது. ஒரு நாளை நான்கு நான்கு மணி நேரமாக ஆறு கூறு போட்டார்கள் நம் முன்னோர். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். எந்த மருந்தை எந்தப் பொழுதில் கொடுப்பது, எந்தப் பொழுதில் எந்தக் குற்றம் மிகும் என்பதெல்லாம் இதை வைத்துத்தான். இரவு 10 முதல் 2 வரை யாமம். 2 முதல் 6 வரை வைகறை. அந்த அம்மா மகனுக்காக யாமத்தையும் மகளுக்காக வைகறையையும் கொடுத்து விட்டார். மிச்சம் என்ன இருக்கிறது?

அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. தும்மல், சிறுநீர், மலம், பசி, தாகம், கொட்டாவி... இந்த வரிசையில் தூக்கமும் ஒன்று. சிறுநீரை அடக்கினால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரிகிறது. தூக்கத்தை அடக்குவதை மட்டும் தியாகம் என்று நினைக்கிறோம். தூக்கத்தை அடக்கினால் வருவது தலைக்கனமும் கண் நோயும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. அந்த அம்மா முதல் நாள் என்னிடம் வந்து சொன்னதும் அதைத்தான். எனக்குத்தான் காது கேட்கவில்லை!

இன்றைய விஞ்ஞானமும் இதையே வேறு பாஷையில் சொல்கிறது. நம் உடம்பின் உயிரணுக்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மூளை இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற சுரப்பு கூடித் தூக்கத்துக்கு ஆயத்தம் செய்கிறது. நடுராத்திரியில் செல்போன் வெளிச்சத்தை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வீடியோ காலில் பேசினால், உடம்பு அதைப் பகல் என்று எண்ணிக் குழம்பிப் போகிறது. தூக்கம் குறையக் குறைய இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரை ஏறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. "நான் சர்க்கரையே தொடறதில்லை, ஆனாலும் குறையலையே" என்று புலம்பும் அம்மாக்களிடம் இனி முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறேன்.

இன்னொரு விஷயம். தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம் நல்லது என்று கேள்விப்பட்டுப் பலர் கடையில் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் வழக்கமான செய்முறையில் அதில் சர்க்கரை சேர்க்கிறோம்! சர்க்கரை நோயாளிகள், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ஜாதிக்காயும் அப்படித்தான். அளவு மீறினால் தலைசுற்றல், மயக்கம் எல்லாம் வரும். தூங்க நேரமே ஒதுக்காதவருக்குத் தூக்க மருந்து கொடுப்பது, அடுப்பைப் பற்ற வைக்காமல் உலையில் அரிசி போடுவது போல.

ஆனால் டாக்டர்...

"பிள்ளை குரலைக் கேட்டால்தானே ஐயா பெத்த மனசு தூங்கும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாஸ்தவம். நானும் பிள்ளை பெற்றவன்தான். போன் பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தனிமையும் ஒரு நோய். அதற்குப் பிள்ளைகளின் குரலைவிடப் பெரிய மருந்து என்னிடம் இல்லை. ஆனால் மருந்துக்கும் வேளை உண்டல்லவா?

ஒரு காலத்தில் டிரங்க் கால் போட்டுவிட்டுத் தவம் கிடந்தோம். 1990-களில் எஸ்.டி.டி. பூத் வந்தது. இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் குடும்பத்தோடு பூத் வாசலில் வரிசையில் நின்றது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்று பணத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம். அதில் ஒரு நியாயம் இருந்தது. இன்று இணையத்தில் எந்த நேரத்தில் பேசினாலும் ஒரே செலவுதான். அப்புறம் ஏன் இன்னும் பதினொரு மணி?

காரணம், போன் போடும் நேரத்தைப் பிள்ளைகள் தங்கள் வசதிப்படி முடிவு செய்கிறார்கள். பெற்றவர்கள் வாய் திறப்பதில்லை. "அவனுக்கு அப்பத்தான் ஓய்வு" என்று அம்மா விட்டுக்கொடுக்கிறார். மகனோ, "அம்மா எப்போ கூப்பிட்டாலும் எடுப்பாங்க, முழிச்சுத்தான் இருப்பாங்க போல" என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டு பக்கமும் பாசம்தான். ஆனால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்லி விடுகிறேன். கடல் கடந்த குடும்பத்தில் யாராவது ஒருவர் நேரத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றால், அது முப்பது வயதுக்காரராக இருக்கட்டும், அறுபதை நெருங்கும் சர்க்கரை நோயாளியாக வேண்டாம்.

மூன்று ஊரும் விழித்திருக்கும் நேரம்

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அந்த ஆசிரியர், அம்மாவை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மூவரும் ஒரு தாளில் கோடு போட்டு, மூன்று ஊர் மணியையும் எழுதினோம். நம்ப மாட்டீர்கள், மூன்று ஊரும் விழித்திருக்கும் நேரம் ஒன்று இருந்தது! நம் ஊரில் மாலை ஆறரை மணி. அப்போது வூஹானில் இரவு 9. மகள் சாப்பிட்டு முடித்துப் படிக்க உட்காரும் நேரம். பென்டன்வில்லில் குளிர்காலத்தில் காலை 7, கோடையில் காலை 8. பேரன் பள்ளிக்கூடம் கிளம்புகிற அமளி நடக்கும் வேளை.

மகன் முதலில், "காலையில எனக்கு நேரம் இருக்காதேப்பா" என்றாராம். அப்பா ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். "அம்மாவுக்கு ராத்திரியில நேரம் இருக்கும்னு எப்படித் தம்பி முடிவு பண்ணினே?" அத்தோடு சரி. இப்போது வார நாட்களில் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஆற அமர எல்லோரும் சேர்ந்து. அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால், போனில் பேரன் காலைப் பலகாரம் சாப்பிடுவது தெரிகிறது. முன்பெல்லாம் மகன் மட்டும் அலுவலகத்திலிருந்து பேசுவார். பேரனைப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் இருந்தது. மகள் அலாரம் வைத்து எழுந்திருக்கப் பழகி விட்டாள். "முதல் வாரம் ரெண்டு நாள் வகுப்புக்குத் தாமதமாப் போனேம்மா" என்று சொன்னாளாம். போகட்டும்! நாளைக்கு டாக்டராகி இரவுப் பணி பார்க்கப் போகிறவள் தானே எழுந்திருக்கக் கற்றுக்கொள்வதும் படிப்புதான்.

நான் கொடுத்த மருந்தில் பாதியைக் குறைத்து விட்டேன். இரவு எட்டு மணிக்குள் எளிய உணவு, பத்து மணிக்குப் படுக்கை. ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளிக்கிறார். சர்க்கரை மாத்திரையைத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் எடுப்பது என்று அவருடைய மருத்துவர் சொன்னபடி நடக்கிறார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது கண் சிவப்பு தெளிந்திருந்தது. "தலைக்கனம் போயிடுச்சுங்க" என்றார். சர்க்கரையும் முன்பைவிடக் கட்டுக்குள் வந்திருப்பதாக அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால், இவற்றைச் செய்து பாருங்கள்.

பிள்ளை இருக்கும் ஊரின் மணியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அமெரிக்கா, ஐரோப்பா என்றால் மார்ச்சில் ஒரு முறையும், இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் மாறும். மாறும் நாளைப் பிள்ளைகள்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இரவு பத்து மணிக்கு மேல் பேசுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். "அவசரம் என்றால்?" என்ற பயம் வேண்டாம். குறிப்பிட்ட எண்கள் மட்டும், அல்லது அடுத்தடுத்து இரண்டாம் முறை கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும்படி இன்றைய செல்போனில் வைக்க முடியும். பக்கத்து வீட்டு எண் ஒன்றும் பிள்ளைகளிடம் இருக்கட்டும்.

பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள், சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் எந்த ஊர் மணிப்படி எடுப்பது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். ஆகவே ஒரு வாரம், பத்து நாள் தடுமாற்றம் இருக்கும். பகலில் வெளிச்சத்தில் நடங்கள், அந்த ஊர் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இரவு வேலைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், வீட்டிலிருந்தே அமெரிக்கக் கம்பெனிக்கு விடிய விடிய வேலை செய்யும் நம் கிராமத்துப் பிள்ளைகள்... இவர்கள் உடம்பு இங்கே, கடிகாரம் எங்கோ. இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணங்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. பகல் தூக்கம் ஆகாது என்பது தேரையர் வகுத்த நோயணுகா விதிகளில் ஒன்று; அதை நானும் எல்லோருக்கும் சொல்கிறவன்தான். ஆனால் இரவெல்லாம் உழைத்து வந்தவருக்கு அது பொருந்தாது. அவர் படுக்கும் அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். "பட்டப்பகல்ல என்ன தூக்கம்?" என்று யாரும் கேட்காதீர்கள்.

போன வாரம் அரியலூரில் ஒரு பெரியவர் வந்தார். "தூக்கம் வரலைங்க, டாக்டர்" என்றார். நாடியைப் பிடிப்பதற்கு முன்பே கேட்டேன்:

"ஐயா, பிள்ளைங்க எந்த ஊர்ல இருக்காங்க?"